பழைய ட்ரெய்லர் வாங்குகிறவர் எத்தனை டன் வாங்குகிறார்?

காரைக்குடி வட்டாரத்தில் பழைய லாரிக்கு விலை பேசும் இடத்தில் நின்று கேட்டால் கேள்விகள் ஒரே வரிசையில் வரும். எந்த வருட மாடல், எத்தனை சக்கரம், என்ஜின் பிரித்ததா, டயர் எவ்வளவு மிச்சம், எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை. அரை மணி நேரம் பேசி, கைகுலுக்கி, முன்பணமும் கைமாறிவிடும். “வெறும் வண்டி எத்தனை டன்?” என்ற கேள்வி மட்டும் கடைசிவரை வராது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. ட்ரெய்லர், அதாவது முன்னால் இழுவை வண்டியும் பின்னால் நீண்ட சரக்குத் தளமும் சேர்ந்த வண்டி, வாங்க நினைப்பவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் சட்டப்படியான மொத்த எடை ஒன்று உண்டு. வண்டி, பாடி, டீசல், தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி, ஓட்டுநர், சரக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் மிஞ்சுவதே சரக்குக்கான அளவு. வாடகை கிடைப்பது அந்த மிச்சத்துக்குத்தான். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே விலை என்று இரண்டு ட்ரெய்லர்கள் விற்பனைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் காலி எடை பதின்மூன்றரை டன், மற்றொன்று பதினைந்தரை டன். இரண்டாவதை வாங்குகிறவர் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு டன் வாடகையை இழக்கிறார். புதுவயல் ஆலையில் ஏற்றும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் அது எண்பது சிப்பம். வண்டி கையில் இருக்கும் ஆண்டுகள் முழுவதும் இந்த இழப்பு தொடரும். விலையில் குறைத்து வாங்கிய இருபதாயிரம், முப்பதாயிரம் இதற்கு ஈடாகாது.

மொத்த எடையைத் தோராயமாக அறிய ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகம்கூட உடனே தேவையில்லை. வண்டியின் மாடல் எண்ணிலேயே அது இருக்கிறது. டாடா, அசோக் லேலண்ட் இரண்டும் பொதுவாக ஒரே முறையில்தான் எண் கொடுக்கின்றன. முதல் இரண்டு இலக்கம் மொத்த எடையை டன்னில் சொல்கிறது. அடுத்த இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ என்ஜினின் குதிரைத்திறன். 2518 என்றால் 25 டன், 180 குதிரைத்திறன். 4018 என்றால் 40 டன் இழுக்கும் ட்ரெய்லர் வண்டி. 4923 என்றால் 49 டன், 230 குதிரைத்திறன். அடுத்துவந்த 46, 55 என்று தொடங்கும் எண்களும் இதே கணக்கில் அமைந்தவைதான்.

பழைய எண்கள் போய்ப் புதிய எண்கள் வந்ததற்குக் காரணம் 2018 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை. அதுவரை முன் ஆக்சிலுக்கு (சக்கரங்கள் கோத்த அச்சு) 6 டன், நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன், அடுத்தடுத்து அமைந்த இரட்டை ஆக்சிலுக்கு 19 டன், ட்ரெய்லரின் மூன்று ஆக்சில் தொகுப்புக்கு 24 டன் என்று வரம்பு இருந்தது. கூட்டிப் பார்த்தால் மாடல் எண்களின் பிறப்பு விளங்கும். 6, 10.2, 24 சேர்ந்தால் 40.2. அதுதான் 4018. நடுவில் ஒற்றை ஆக்சிலுக்குப் பதில் இரட்டை ஆக்சில் வந்தால் 6, 19, 24 சேர்ந்து 49. அதுதான் 4923. புதிய வரம்பில் ஒற்றை ஆக்சில் 11.5 டன்னாகவும், இரட்டை ஆக்சில் 21 டன்னாகவும், மூன்று ஆக்சில் தொகுப்பு 27 டன்னாகவும் உயர்ந்தன. முன் ஆக்சிலுக்கு 7 டன் வைத்துக்கொண்டால் பழைய 40.2 டன் அமைப்பு 45.5 டன்னாகிறது, பழைய 49 டன் அமைப்பு 55 டன்னாகிறது.

பழைய வண்டிச் சந்தையில் இந்த இரண்டு தலைமுறையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் 2016ஆம் ஆண்டு வண்டிக்கும் 2019ஆம் ஆண்டு வண்டிக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. சக்கரங்களின் எண்ணிக்கையும் ஒன்றே. காலி எடை இரண்டுக்கும் பதினான்கரை டன் என்று வைத்தால், பழையதில் சட்டப்படி ஏற்றக்கூடியது 25.7 டன், புதியதில் 31 டன். ஐந்து டன்னுக்கு மேல் இடைவெளி. “இப்போது எல்லா வண்டிக்கும் எடை கூட்டிவிட்டார்கள் அண்ணே” என்று தரகர் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது. குறிப்பிட்ட அந்த வண்டியின் ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் எடைதான் எடைமேடையிலும் நீதிமன்றத்திலும் நிற்கும்.

அப்படியானால் எப்போதும் புதிய தலைமுறை வண்டியைத்தான் வாங்க வேண்டுமா? இல்லை. இங்கே என்ன சரக்கு ஏற்றப்போகிறோம் என்பது முதலிடத்துக்கு வருகிறது. செட்டிநாட்டின் சரக்குகள் இந்த வகையில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

ஆத்தங்குடி ஓடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்ட், மணல் சேர்ந்த அந்தத் தரை ஓடு கன மீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும். நாற்பதடி நீளம், எட்டடி அகலம் கொண்ட ட்ரெய்லர் தளத்தில் இருபத்தைந்து டன் ஓட்டைச் சமமாகப் பரப்பினால் உயரம் சுமார் நாற்பது சென்டிமீட்டர்தான் வரும். வண்டி காலியாக இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும், எடை வரம்பு நிரம்பியிருக்கும். புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளின் கருங்கல் இன்னும் மோசம். ஒரு கன மீட்டர் 2.6, 2.7 டன். கண்ணளவில் “இன்னும் ஒரு கல் வைக்கலாம்” என்று தோன்றும் இடத்தில் ஏற்கெனவே வரம்பு தாண்டியிருக்கும். அரிசி நடுத்தரம். கன மீட்டருக்கு முக்கால் டன்னுக்குச் சற்று மேல். ட்ரெய்லர் தளத்தில் இடுப்பளவு அடுக்கினால் எடை நிறைந்துவிடும். ஆறடி உயரப் பக்கப்பலகை போட்ட ட்ரெய்லரை அரிசி நடைக்கு வாங்குகிறவர், தேவையில்லாத இரும்பை ஆண்டு முழுவதும் சுமந்து திரிகிறார்.

சிங்கம்புணரிக் கயிறும் தென்னை நாரும் இதற்கு நேர்மாறு. சிவகங்கை, ராமநாதபுரம் சீமைக் கருவேலக் கரியும் அப்படியே. பரமக்குடிப் பக்கத்து மிளகாய் வற்றலையும் இவற்றோடு சேர்க்கலாம். இவற்றில் இடம் முதலில் நிரம்பும், எடை வரம்பு எட்டாது. இத்தகைய சரக்கை மட்டுமே நம்பித் தொழில் செய்பவருக்குப் பழைய 4018 தாராளமாகப் போதும். கூடுதல் ஐந்து டன் அனுமதிக்குப் பணம் கொடுப்பது வீண். அவர் பார்க்க வேண்டியது தளத்தின் நீளமும் பக்க உயரமும்.

தைலமரம் தனிக்கதை. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களிலிருந்து காகித ஆலைக்குப் போகும் இந்தக் கட்டைகள் வெட்டிய அன்று ஒரு எடை, வெயிலில் கிடந்தபின் வேறொரு எடை. மழைக்காலத்தில் அதே அளவு அடுக்கு சில டன் கூடக் காட்டும். ஏற்றுகிறவர் அடுக்கின் உயரத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார், ஆலை வாசலிலோ எடைமேடை இருக்கிறது. கட்டை ஏற்றும் எண்ணத்தோடு வண்டி தேடுகிறவர், வரம்பின் விளிம்பில் கணக்குப் போடாமல் இரண்டு, மூன்று டன் இடைவெளி விட்டே பார்க்க வேண்டும்.

காலி எடைக்கு வருவோம். பழைய வண்டியில் ஆர்.சி. சொல்லும் காலி எடையும் உண்மையான காலி எடையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. பதிவு செய்தபின் ஒவ்வோர் உரிமையாளரும் தன் தொழிலுக்கேற்ப எதையாவது சேர்க்கிறார். தளத்தின்மேல் இன்னொரு இரும்புத் தகடு, பக்கங்களுக்குக் கூடுதல் கோணக்கம்பி, இரண்டாவது டீசல் டேங்க், பெரிய டூல்பாக்ஸ், முன்னால் கனமான பம்பர். சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) உள்ளே ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவைத்திருப்பதும் உண்டு. மரப்பலகைத் தளம் மழைநீரை உறிஞ்சிக் கனக்கும். 350 லிட்டர் டீசல் மட்டுமே முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. “பாடி நல்ல கனம், அசையாது” என்று விற்கிறவர் பெருமையாகச் சொல்வது வாங்குகிறவருக்குச் செலவு. திரும்பும் நடையில் சரக்குக் கிடைக்காமல் வண்டி வெறுமனே வரும் நாட்களில் அந்தக் கனம் டீசலையும் தின்னும். நம் பகுதியில் அப்படிப்பட்ட நாட்கள் அதிகம்.

எனவே காலி எடையை எடைமேடையில் நிறுத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டேங்க் நிரப்பி, ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு, சங்கிலியோடு, ஓட்டுநர் உள்ளே அமர்ந்திருக்க எடை போடுவது சரியான முறை. விற்கிறவர் டேங்கை வற்ற விட்டு, டூல்பாக்ஸைக் காலி செய்து கொண்டுவந்தால் காட்டும் எண் வேலை நாளுக்கு உதவாது. ஒருமுறை முழு வண்டியையும் நிறுத்திய பிறகு, முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி இன்னொரு எடை எடுங்கள். அதன்பின் இழுவை வண்டி முழுவதையும் மட்டும் மேடையில் நிறுத்தி மூன்றாவது எடை. மேடைக்கு முன்னும் பின்னும் தரை மட்டமாக இருந்தால் போதும், ஒவ்வோர் ஆக்சில் தொகுப்பும் வெறுமனே எவ்வளவு சுமக்கிறது என்பது கழித்தலில் கிடைத்துவிடும்.

அந்த மூன்று எண்களும் ஏன் தேவை என்பதைக் கருங்கல் ஏற்றுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஒரு ஆக்சில் தனியாக வரம்பு தாண்டலாம். ட்ரெய்லரின் முன்பகுதி இழுவை வண்டியின் முதுகில் ஐந்தாம் சக்கரம் எனப்படும் தட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பெரிய கல்லை முன்னால் தள்ளி வைத்தால் சுமையின் பெரும்பகுதி இழுவை வண்டியின் பின் ஆக்சிலுக்குப் போகும். பின்னால் தள்ளினால் ட்ரெய்லரின் மூன்று ஆக்சில்கள் அழுந்தும், இழுவைச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். அந்தத் தட்டு எவ்வளவு முன்னால் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது முன் ஆக்சிலின் சுமையை மாற்றும். வெறும் வண்டியிலேயே முன் ஆக்சில் ஆறு டன்னை நெருங்கியிருந்தால், ஏற்றியபின் அது வரம்புக்குள் நிற்பது கடினம். அந்த வண்டியைக் கல் நடைக்கு வாங்கவேண்டாம்.

ட்ரெய்லரில் இன்னொரு சிக்கல். இழுவை வண்டிக்கு ஒரு ஆர்.சி., பின்னால் வரும் ட்ரெய்லருக்கு வேறொரு ஆர்.சி., வேறொரு எஃப்.சி. பழைய சந்தையில் இரண்டும் வெவ்வேறு உரிமையாளரிடமிருந்து வந்து ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பது சாதாரணம். சங்ககிரியிலிருந்து ஒன்று, நாமக்கல்லிலிருந்து ஒன்று. முன்வண்டி 55 டன் தலைமுறை, ட்ரெய்லரோ 24 டன் ஆக்சில் வரம்பில் பதிவான பழையது என்று இருந்தால், வாங்குகிறவர் 55 டன்னுக்கு விலை கொடுத்து அதைவிடக் குறைவாகத்தான் பெறுகிறார். இரண்டு ஆர்.சி.யையும் ஒன்றாக விரித்துவைத்துப் படிக்காமல் இந்த ஓட்டை தெரியாது. ட்ரெய்லரின் அடியிலிருந்து ஐந்தாம் சக்கரத் தட்டில் பூட்டிக்கொள்ளும் கிங்பின் என்ற முளையின் அளவும் பார்க்க வேண்டும். இரண்டு அங்குலம், மூன்றரை அங்குலம் என இரண்டு அளவு உண்டு, தட்டும் கிங்பின்னும் ஒரே அளவில் இருந்தால்தான் பூட்டு பிடிக்கும். இரண்டு அங்குலக் கிங்பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர். தேய்ந்து 49க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம்.

டயரில் எடை எழுதியே இருக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு. பக்கச்சுவரில் 146/143 என்பதுபோல இரண்டு எண் இருக்கும். முதல் எண் டயர் ஒற்றையாக ஓடும்போதும், இரண்டாவது ஜோடியாக ஓடும்போதும் தாங்கும் சுமையின் குறியீடு. 146 என்றால் 3,000 கிலோ, 143 என்றால் 2,725 கிலோ. நான்கு டயர் ஆக்சிலில் இந்த டயர் போட்டால் 10.9 டன். பழைய 10.2 டன் வரம்புக்கு அது போதும், புதிய 11.5 டன்னுக்குப் போதாது. 149/146 குறியீடுள்ள டயர் ஜோடியில் தலா 3,000 கிலோ தாங்கும், நான்குக்கும் 12 டன். ஆக, புதிய தலைமுறை வண்டியில் பழைய வகை டயரைப் போட்டு விற்பனைக்கு நிறுத்தியிருந்தால், நான்கு டயர் கொண்ட அந்த ஒற்றை ஆக்சிலின் டயர்களை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். டயர் வெடித்து ஆளைக் கொல்லும் தொழில் இது, இங்கே சிக்கனம் பார்க்க இடமில்லை.

முன்பு அளவுக்குமீறிச் சுமந்த வண்டி தன் உடம்பில் அதைச் சொல்லிவிடும். சுமை தாங்கும் வில்லான கமான் பட்டையில் புதிதாக ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகச் சொருகியிருக்கிறதா? சேசிஸில் கமான் பிடிக்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றிப் பற்றவைப்பு, புதுப் பெயின்ட், மயிர்க்கோடு போன்ற விரிசல் இருக்கிறதா? ஜோடி டயர்களில் உள்டயர் மட்டும் தேய்ந்திருந்தால் ஹவுசிங் (ஆக்சிலின் உறை) வளைந்திருக்கலாம். பிரேக் டிரம்மின் உட்புறத்தில் வெப்பத்தால் உண்டான வெடிப்புகள் தெரியும். தளத்தின் அடிக்கம்பிகளை ஒரு முனையிலிருந்து குனிந்து பார்த்தால் நடுவில் தொய்வு தெரியும். இவற்றில் இரண்டு சேர்ந்து கண்ணில் பட்டால், என்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் விலகுவது நல்லது. என்ஜினைப் புதுப்பிக்கலாம், களைத்த சேசிஸை முழுமையாக மீட்க முடியாது. தொழிற்சாலையிலிருந்து வராத கூடுதல் ஆக்சிலோ, நீட்டிய சேசிஸோ இருந்தால் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கும் மாற்றம். எஃப்.சி. நாளில் அது வெளியே வரும்.

அளவுமீறிச் சுமப்பது உரிமையாளரின் சொந்த விஷயம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அது அப்படியில்லை. சாலைக்கு உண்டாகும் சேதம் ஆக்சில் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பதைச் சாலைப் பொறியாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டு வருகிறார்கள். ஒரு ஆக்சில் இருபது சதவீதம் கூடுதலாகச் சுமந்தால் சேதம் இரட்டிப்பாகிறது. கல்லல், பள்ளத்தூர், கண்டனூர் வழியாகப் போகும் ஊர்ச் சாலைகள் தேசிய நெடுஞ்சாலையின் தடிப்பில் போடப்பட்டவை அல்ல. அவற்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.

சட்டமும் இப்போது கடினம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 194ஆம் பிரிவின்படி அளவுமீறிய சுமைக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், கூடவே அதிகச் சரக்கை இறக்கும் செலவு. நான்கு டன் மீறினால் 28,000. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. ஒரு நடையின் லாபம் இதில் முழுகிவிடும்.

வேறு செலவுகளில் எடை எப்படிப் பேசுகிறது என்பதையும் பார்க்கலாம். சுங்கச்சாவடியில் நான்கு முதல் ஆறு ஆக்சில் வரை ஒரே கட்டணம். லெம்பலக்குடியில் பன்னிரண்டு சக்கர லாரியும் ஆறு ஆக்சில் ட்ரெய்லரும் ஒரே தொகைதான் கட்டுகின்றன. மூன்றாம் நபர் காப்பீட்டில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணம் 20 முதல் 40 டன் வரை 43,950 ரூபாய், 40 டன்னுக்கு மேல் 44,242 ரூபாய். இடைவெளி முந்நூறு ரூபாய்கூட இல்லை. அதாவது கனரக வண்டிக்கு நிலையான செலவு அதே விகிதத்தில் கூடுவதில்லை, ஏற்றக்கூடிய டன் கூடுகிறது. வேலை தொடர்ந்து கிடைக்கும் என்றால் பெரிய வண்டிக்குச் சாதகமான கணக்கு இது. வண்டியின் வயதையும் மறக்கக்கூடாது. நாடு முழுவதும் ஓட்டுவதற்கான நேஷனல் பெர்மிட், இரண்டுக்கு மேல் ஆக்சில் கொண்ட மல்டி ஆக்சில் வண்டிக்குப் பதினைந்து ஆண்டுவரையும் மற்றவற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுவரையும்தான். எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ட்ரெய்லரே வேண்டாம் என்பதும் சில சமயம் சரியான முடிவு. நாற்பதடித் தளம் திரும்ப இடம் வேண்டும். ஆத்தங்குடியில் ஓடு செய்யும் பட்டறைகள் ஊருக்குள் இருக்கின்றன. கானாடுகாத்தான், கோட்டையூர்த் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் இருந்தாலும், மூலைகளில் வீட்டு மதிலும் ஊருணிக் கரையும் குறுக்கே நிற்கும். சரக்கைச் சிறு வண்டியில் முக்கிய சாலைக்குக் கொண்டுவந்து மாற்றி ஏற்றினால் கூலியும் உடைசலும் கூடும். அப்படிப்பட்ட தொழிலுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு சக்கர லாரி பொருத்தம். ஆலையிலிருந்து கிடங்குக்கு, குவாரியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு என்று இரு முனையிலும் திறந்த இடம் உள்ளவர்களுக்கே ட்ரெய்லர்.

விலை பேச உட்காரும்போது இரண்டு ஆர்.சி.யின் நகல், உங்கள் முன்னிலையில் போட்ட மூன்று எடைச் சீட்டு, டயர் குறியீடுகளின் பட்டியல் ஆகியவை கையில் இருக்கட்டும். ஆர்.சி.யின் மொத்த எடையிலிருந்து எடைச்சீட்டின் காலி எடையைக் கழித்து, கேட்கும் விலையை அந்த டன்னால் வகுங்கள். பார்த்த எல்லா வண்டிக்கும் இப்படி ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று எழுதிவைத்தால், மலிவு என்று நினைத்த வண்டி எது, உண்மையில் மலிவான வண்டி எது என்பது தெரிந்துவிடும். முன்பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில், “எடைமேடைச் சீட்டில் கண்ட காலி எடையுடன்” என்று ஒரு வரி சேர்த்து, சீட்டின் எண்ணையும் தேதியையும் எழுதி, விற்கிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுக்கிறவரின் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.